நீதிபதி குறுக்கிட்டால் தோற்றுவிட்டோமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். வயது 21. அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் சட்டம் படிக்கிறார், இரண்டாம் ஆண்டு. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். அம்மாவுக்குப் பட்டணத்தில் தொழிற்சாலை வேலை. ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

சென்ற பருவத்தில் அவருடைய சட்டத்துறையில் மாதிரி நீதிமன்றப் போட்டி நடந்திருக்கிறது. மாணவர்கள் அதை மூட் என்றே சொல்வார்கள். நில வழக்கு, இவர் நிலத்தை வாங்கியவர் தரப்பு. பதினைந்து நிமிட உரையை எழுதி, மனப்பாடம் செய்து, விடுதி அறைக் கண்ணாடி முன்னால் இருபது தடவைக்கு மேல் சொல்லிப் பார்த்திருக்கிறார். பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்திலேயே நடுவர் குறுக்கிட்டு, "நீங்கள் காட்டும் அடோர்னா தீர்ப்பு இன்றைக்கும் செல்லுமா?" என்று கேட்டிருக்கிறார். அதற்கப்புறம் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. "சாரி, யாங் அரிஃப்" (மலாயில் நீதிபதியை மரியாதையாக விளிக்கும் சொல்) என்று ஏழு முறை சொன்னதாகத் தோழி எண்ணிச் சொன்னாராம். தடுமாற்றத்தில், வழக்கில் கொடுத்திருந்த உண்மைகளே சரியில்லை என்று வாதாடப் போய் அதற்கும் கண்டனம் கிடைத்திருக்கிறது.

ஆனாலும் அவருடைய எழுத்து வாதம் நன்றாக இருந்ததால் அனைத்துலகச் சட்ட மூட் போட்டியான ஜெஸ்ஸப்புக்கான பயிற்சி அணியில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே ஒரு சீனியர், "உன் இங்கிலீஷில் எஸ்டேட் வாடை அடிக்கிறது, நீ ஆராய்ச்சியை மட்டும் பார்" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். கோட்டு, பயணம் என்று செலவு வேறு. இதெல்லாம் போக, சக மாணவர் ஒருவர் எழுதிய பகுதியில் வரும் மூன்று வழக்குகளை எங்கே தேடியும் காணவில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு அப்படியே ஒட்டியது போல இருக்கிறது. ஒப்படைக்க மூன்று வாரம்தான் பாக்கி. "வாயைத் திறந்தால் காட்டிக்கொடுத்தவள் என்று பெயர் வரும். பேசாமல் விலகிவிடவா? மூட் செய்யாதவர்களை எந்த வழக்கறிஞர் அலுவலகமும் எடுக்காது என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்கிறார். போகிற போக்கில் இப்படி ஒரு வரியும் எழுதியிருக்கிறார்: "பன்னிரண்டு வயதில் பாட்டியின் சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் அடையாள அட்டை) விஷயமாகப் பதிவிலாகாவுக்குப் போய் நான்தான் எல்லாம் பேசினேன். அந்தத் தைரியம் எங்கே போனது என்று தெரியவில்லை."

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படித்தது அந்தக் கடைசி வரிக்காக. விலகுவதா வேண்டாமா என்பதை இன்றைக்கே முடிவு செய்ய வேண்டாம். காணாமல் போன மூன்று வழக்குகளின் விவகாரத்தை மட்டும் இந்த வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். மற்றவை காத்திருக்கும். ஆனால் உங்கள் மனதை அதிகம் அரித்துக்கொண்டிருப்பது அந்த இரண்டாவது நிமிடம் என்று தெரிகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் கேள்வி

நடுவர் குறுக்கிட்டதை நீங்கள் தண்டனையாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பேச்சுப்போட்டியில் அப்படித்தான். தமிழ்ப்பள்ளியில் நாமெல்லாம் மேடையேறி, கையை வீசி, ஐந்து நிமிடம் மணி அடிக்கும் வரை பேசி வளர்ந்தவர்கள். அங்கே குறுக்கே பேசினால் அவமரியாதை. மூட் அப்படியல்ல. அங்கே நடுவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். நீங்கள் சொல்வதில் அவருக்குப் பிடிப்பு விழவில்லை என்று பொருள். அவர் கேள்வி கேட்கிறார் என்றால், தன் மனதில் எது உறுத்துகிறது என்பதை உங்களிடம் காட்டுகிறார். அந்த முள்ளை எடுக்கத்தான் நீங்கள் அங்கே நிற்கிறீர்கள். தயாரித்துக்கொண்டு போன உரை, கேள்வி வராதபோது பேசுவதற்கு மட்டுமே.

எனக்கும் இது லேசில் புரியவில்லை. என்னுடைய முதல் மூட்டில் நானும் மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். நடுவர் ஒரு கேள்வி கேட்டார். "அதற்குப் பிறகு வருகிறேன், யாங் அரிஃப்" என்றேன். அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, "இப்போதே வாருங்கள்" என்றார். அந்தப் பேனா வைக்கப்பட்ட சத்தம் இன்றும் எனக்குக் கேட்கும். "பிறகு வருகிறேன்" என்ற பதிலை அன்றைக்கு விட்டேன். இத்தனை வருடத் தொழிலில் எந்த நீதிபதியிடமும் மறுபடி சொன்னதில்லை.

உங்களிடம் கேட்கப்பட்டது நல்ல கேள்வி. அடோர்னா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் சொன்னது உங்களுக்குத் தெரியும்: போலிக் கையெழுத்தால் கைமாறிய நிலமானாலும், நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவருக்கு நிலம் உறுதி. தாங்கள் கண்ணால்கூடப் பார்த்திராத மோசடிக்காரனிடம் சொந்த நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் எத்தனையோ பேர் இந்தத் தீர்ப்பால் கைவிடப்பட்டார்கள். பத்து வருடம் கழித்து, 2010-இல், டான் யிங் ஹோங் வழக்கில் அதே கூட்டரசு நீதிமன்றம் அடோர்னா தவறு என்று தள்ளிவிட்டது. தேசிய நிலச் சட்டத்தின் 340-ஆவது பிரிவில் வரும் பாதுகாப்பு, மோசடிக்கு அடுத்து முதலில் வாங்கியவருக்குக் கிடையாது. அவரிடமிருந்து நல்லெண்ணத்தோடு வாங்கிய அடுத்தவருக்குத்தான்.

ஆக நடுவர் உங்களைக் கவிழ்க்கப் பார்க்கவில்லை. ஒரு கதவைத் திறந்துவிட்டார். "செல்லாது, யாங் அரிஃப். 2010-இல் டான் யிங் ஹோங் அதை மாற்றிவிட்டது. ஆகவே நான் அடோர்னாவை நம்பி நிற்கவில்லை. என் கட்சிக்காரர் மோசடிக்காரரிடமிருந்து வாங்கியவர் அல்ல, அவருக்கு அடுத்து வாங்கியவர். 340-ஆவது பிரிவின் காப்புவிதி இவருக்குப் பொருந்தும்." ஐந்தே வாக்கியம். உங்கள் கடிதத்தில் வழக்கின் விவரத்தைச் சொல்லும்போது, நிலம் இரண்டு கை மாறியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதில் உங்கள் கையிலேயே இருந்திருக்கிறது. உரையை ஒப்பிப்பதில் கவனமாக இருந்ததால் அதைப் பார்க்க நேரமில்லாமல் போய்விட்டது.

இப்போது அந்தப் பதிவிலாகா வரி. தோட்டத்துப் பெரியவர்களின் குடியுரிமைத் தாள்களோடு நானும் அந்தக் கௌண்டர்களில் நின்றிருக்கிறேன். அங்கே பேரப்பிள்ளைகள் எப்படி நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். துணிக்கடைப் பிளாஸ்டிக் பையில் எல்லாத் தாளும் இருக்கும்: கல்யாணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பழைய தோட்டத்துக் கிராணி (கணக்கர்) கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதம். அதிகாரி மலாயில் கேட்பார். பிள்ளை பாட்டி பக்கம் திரும்பித் தமிழில் கேட்கும். பிறகு சொல்லும்: "எந்த வருஷம் என்று பாட்டிக்குத் தெரியவில்லை, ஐயா. ஆனால் இந்தக் கடிதத்தில் இருக்கிறது, இரண்டாவது வரியில்." தாளைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தும்.

தங்கச்சி, ஒரு நல்ல வழக்கறிஞர் நீதிபதிக்குச் சொல்லும் பதில் இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. தெரியாததைத் தெரியாது என்றீர்கள். தெரிந்ததற்குத் தாளைக் காட்டினீர்கள், வரியோடு காட்டினீர்கள். பாட்டிக்கு எது பாதகமோ அதை நீங்களாகப் போய் ஒத்துக்கொள்ளவில்லை, பொய்யும் சொல்லவில்லை. அன்றைக்கு உங்களிடம் மனப்பாடம் செய்த உரை ஏதும் இல்லை. இருந்திருந்தால் அங்கேயும் தடுமாறியிருப்பீர்கள்.

அதனால் உரையைக் கிழித்துப் போடுங்கள் என்று சொல்லமாட்டேன்; சுருக்குங்கள். முதல் முப்பது விநாடி மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும்: உங்கள் பெயர், எந்தத் தரப்பு, எத்தனை வாதம், எவ்வளவு நேரம். படபடப்பு அடங்குவதற்குள் வாய் தானாக ஓடும். மற்றதை ஒரே தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு வாதத்துக்கும் ஒரு வரி, அதன் கீழே வழக்கின் பெயரும் பத்தி எண்ணும். அதற்கு மேல் வேண்டாம். தாளில் முழு வாக்கியம் இருந்தால் கண் அதை வாசிக்கப் போய்விடும்.

கேள்வி வந்தால் பேசிக்கொண்டிருந்த சொல்லின் பாதியிலேயே நிறுத்துங்கள். வாக்கியத்தை முடித்துவிட்டுக் கேட்கலாம் என்று நினைக்க வேண்டாம். முழுக் கேள்வியும் முடியட்டும். இரண்டு விநாடி மௌனமாக இருந்தால் யாரும் மதிப்பெண் குறைக்கமாட்டார்கள். உங்களுக்கு அது இரண்டு நிமிடமாகத் தோன்றும், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு நீங்கள் யோசிப்பதாகத்தான் தெரியும். முதலில் ஆம் அல்லது இல்லை. அடுத்து காரணம். அடுத்து ஆதாரம். அப்புறம் விட்ட இடத்துக்குத் திரும்புங்கள். உண்மையிலேயே தெரியாவிட்டால், இந்த விஷயத்தில் நீதிமன்றத்துக்கு உதவ இயலவில்லை என்று ஒரே முறை சொல்லிவிட்டு மேலே போங்கள். "சாரி" வேண்டாம். நீங்கள் குற்றம் எதுவும் செய்யவில்லை.

உண்மைகளோடு சண்டை போட்டதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் வருடத்தில் பலரும் இங்கே இடறுகிறார்கள். சாட்சிகளை விசாரிப்பது போல நடத்தும் மாதிரி விசாரணை வேறு, மூட் வேறு. மூட் பெரும்பாலும் மேல்முறையீடு மாதிரி. உண்மைகள் ஏற்கெனவே முடிவாகிவிட்டன. அவற்றுக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதுதான் வாதம். உங்களுக்குப் பாதகமான உண்மையை மறுக்க முடியாது. அதோடு எப்படி வாழ்வது என்றுதான் யோசிக்க வேண்டும்.

இதற்கு நம் நாட்டிலேயே பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. ஜெஸ்ஸப் போட்டி 1960-இலிருந்து நடக்கிறது. இரண்டு கற்பனை நாடுகள் தி ஹேக் நகரின் அனைத்துலக நீதிமன்றத்தில் வழக்காடுவதாக வைத்துத்தான் நடத்துகிறார்கள். அந்த நீதிமன்றத்தில் மலேசியா உண்மையாகவே போய் நின்றிருக்கிறது. சிப்பாடான், லிகித்தான் தீவுகளுக்காக இந்தோனேசியாவோடு வழக்காடி 2002-இல் வென்றது. பத்து பூத்தே தீவுக்காகச் சிங்கப்பூரோடு வழக்காடியபோது, 2008 மே 23-இல் தீர்ப்பு வந்தது: தீவு சிங்கப்பூருக்கு, பக்கத்தில் உள்ள மிடில் ராக்ஸ் பாறைகள் மலேசியாவுக்கு.

அந்த வழக்கின் நடுவே ஒரு கடிதம் இருந்தது. 1953 செப்டம்பரில், ஜொகூரின் தற்காலிக அரசுச் செயலாளர் எழுதியது. அந்தத் தீவுக்கு ஜொகூர் அரசாங்கம் உரிமை கோரவில்லை என்று அதில் ஒரு வரி. மலேசியத் தரப்பு அதை மறைக்க முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. 2007 நவம்பரில் நடந்த விசாரணையில் அந்த ஒற்றை வரிக்கு என்ன பொருள், எழுதியவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்று இரண்டு தரப்பும் வாதாடின. அன்றைய பேச்சு முழுவதும் வார்த்தைக்கு வார்த்தை அனைத்துலக நீதிமன்றத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஜெஸ்ஸப் பயிற்சிக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது. படிக்கும்போது ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நிஜத்தில் அந்த நீதிபதிகள் அதிகம் குறுக்கிடமாட்டார்கள். போட்டி நடுவர்கள் விடமாட்டார்கள்.

மூன்று வழக்குகள்

இதுதான் அவசரம். "அதை எழுதியது நான் அல்ல" என்று உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் வருகிறது. இங்கே உங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. எழுத்து வாதம் அணியின் பெயரில் போகிறது. தெரியாமல் இருந்திருந்தால் அது ஒரு கதை. உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபின் விலகிக்கொண்டாலும், கூடவே இருந்து பேசாமல் இருந்தாலும், அது உங்களைத் தொடரும்.

நியூயார்க்கில் 2023-இல் நடந்ததை உங்கள் சக மாணவரிடம் சொல்லுங்கள். விமான நிறுவனம் ஒன்றின் மேல் போட்ட மாதா எதிர் ஏவியாங்கா வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பனை செய்து கொடுத்த தீர்ப்புகளை உண்மை என்று நீதிமன்றத்தில் காட்டிவிட்டார்கள். எதிர்த்தரப்பு தேடியது, கிடைக்கவில்லை. நீதிபதி நகல் கேட்டார். அதற்கும் அதே செயலியிடம் வாங்கிய போலி வாசகங்களையே தாக்கல் செய்தார்கள். 5,000 டாலர் அபராதம். அந்த உத்தரவைப் படித்தால், செயலியைப் பயன்படுத்தியது அவ்வளவு பெரிய விஷயமாக இல்லை என்பது தெரியும். கேள்வி எழுந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டு நின்றதுதான் அவர்களைக் கெடுத்தது. உங்கள் அணி இன்னும் அந்த இடத்துக்குப் போகவில்லை. ஒப்படைக்கவே மூன்று வாரம் இருக்கிறது. இப்போது நீக்கினால் அது வெறும் திருத்தம்.

முதலில் நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள். நூலகத்தின் சட்டத் தரவுத்தளங்களில் பெயரால் தேடுங்கள், வருடத்தாலும் தேடுங்கள், நூலகரிடமும் கேளுங்கள். எழுத்துப்பிழையால் கிடைக்காத வழக்குகளும் உண்டு. ஒருவர்மேல் பழி போடுவதற்கு முன் இந்த அரைநாள் உழைப்பு அவசியம். கிடைக்கவில்லை என்றால், அவரைத் தனியாகப் பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம். "இந்த மூன்றும் எனக்குக் கிடைக்கவில்லை, உன்னிடம் உள்ள நகலை அனுப்பு, அடிக்குறிப்பைச் சரிபார்க்க வேண்டும்" என்று கேட்டால் போதும். குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் அவருக்கு வெளியே வர வழி கிடைக்கும். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

அவர் மழுப்பினாலோ, "யார் பார்க்கப் போகிறார்கள்" என்றாலோ, இரண்டு நாளுக்கு மேல் காத்திருக்காதீர்கள். பயிற்றுநரான விரிவுரையாளரிடம் மின்னஞ்சலில் சொல்லுங்கள். ஆளைப் பற்றி எழுத வேண்டாம், வழக்குகளைப் பற்றி எழுதுங்கள்: இந்த மூன்றையும் இன்னின்ன இடங்களில் தேடினேன், கிடைக்கவில்லை, நீக்கலாமா? தேதியோடு அந்த மின்னஞ்சல் இருப்பது உங்களுக்குப் பாதுகாப்பு. இதில் உங்களுக்கு நஷ்டமே வராது என்று சொல்லமாட்டேன். சில வாரம் அவர் பேசாமல் இருக்கலாம், குழுவில் முகங்கள் திரும்பலாம். ஆனால் பொய் வழக்கு நடுவர் கையில் அகப்பட்டால் போட்டி விதிகளின் நடவடிக்கையோடு பல்கலைக்கழக ஒழுங்கு நடவடிக்கையும் வரலாம், அது அணி முழுவதையும் இழுக்கும். நாளைக்கு வழக்கறிஞராகப் பதிய மனுச் செய்யும்போது உங்கள் நன்னடத்தைக்குச் சான்று கேட்பார்கள். இரண்டையும் தட்டில் வைத்துப் பாருங்கள்.

காட்டிக்கொடுப்பது பற்றிய உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் சுடும். தண்டலிடம் (மேற்பார்வையாளரிடம்) போய்ச் சொன்னவனை லயமே, அந்தக் குடியிருப்பு வரிசையே, ஒதுக்கிவைக்கும். ஆனால் நீங்கள் சேரப்போகும் தொழிலின் விதியையும் பாருங்கள். 1978-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் ஒழுக்க விதிகளின்படி, நேரடியாகப் பொருந்தும் தீர்ப்பு ஒன்று தன் தரப்புக்கு எதிராக இருந்தாலும், அது தனக்குத் தெரிந்திருந்தால் வழக்கறிஞர் அதை நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும். எதிரான தீர்ப்பையே மறைக்கக்கூடாத தொழிலில், இல்லாத தீர்ப்புக்கு எங்கே இடம்?

எஸ்டேட் வாடை

அந்தச் சொல்லைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு ஆலோசனை சொல்லக்கூடாது என்பதால் கடிதத்தை ஒருநாள் மூடி வைத்தேன்.

நான் நடுவராக உட்கார்ந்தபோது என் கைக்கு வந்த மதிப்பெண் தாள்களில் சட்ட அறிவு இருந்தது, அதை வழக்கின் உண்மைகளில் பொருத்துவது இருந்தது, கேள்விக்குப் பதில் சொல்லும் திறன், நேரம், மரியாதை எல்லாம் இருந்தன. உச்சரிப்பு யாருடைய ஊர்க்காரர் போல இருக்கிறது என்ற கட்டம் எதிலும் இல்லை. புரிகிறதா இல்லையா என்பது வேறு விஷயம், அது முக்கியம். படபடப்பில் நாம் வேகமாகப் பேசுகிறோம், சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கிவிடுகிறோம். அதற்கு மருந்து வேகத்தைக் குறைப்பதுதான். லண்டன்காரர் போலப் பேசப் பார்த்தால் கவனம் முழுக்க நாக்குக்குப் போய்விடும், வாதம் போய்விடும்.

ஆராய்ச்சியாளர் இடத்தைப் பற்றி யோசித்துப் பதில் சொல்லுங்கள். அது கீழான இடம் அல்ல. எழுத்து வாதத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு, நீங்கள் அணிக்குள் வந்ததே எழுத்தால்தான். உங்களுக்கே அது பிடித்திருந்தால் தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் சீனியர் ஒருவர் உங்கள் பேச்சைக் கேலி செய்ததற்காக அங்கே போய் ஒதுங்காதீர்கள். பேச்சாளர்களை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள், எந்த மதிப்பெண் தாளை வைத்து என்று பயிற்றுநரிடம் கேளுங்கள். தேர்வுச் சுற்றில் உங்களையும் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. ஒரு தடவை சொன்ன சொல்லுக்காக உடனே முறையான புகார் போட வேண்டாம் என்பது என் எண்ணம், அந்தச் சீனியரிடம் நேராகவே "அப்படிச் சொன்னது எனக்கு வலித்தது" என்று சொல்லிப் பாருங்கள். மறுபடி நடந்தால் தேதி, சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு மாணவர் விவகாரப் பிரிவுக்குப் போங்கள். அப்போது தயங்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. உங்கள் மலாய் நன்றாக இருக்கும் என்று கடிதத்தை வைத்தே ஊகிக்கிறேன். 1963/67 தேசிய மொழிச் சட்டத்தின்படி நம் நீதிமன்றங்களின் மொழி மலாய். நீதியின் நலனுக்காக நீதிபதி உத்தரவிட்டால் ஆங்கிலம். மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிமன்றங்களில் காலையிலிருந்து மாலை வரை மலாய்தான். நகரத்தில் ஆங்கிலத்திலேயே வளர்ந்த இளம் வழக்கறிஞர்கள் அங்கே "டெங்ஙான் இசின், யாங் அரிஃப்" (அனுமதியோடு) என்று தொடங்கிவிட்டு அடுத்த வரிக்குத் திணறுவதை நான் பார்த்திருக்கிறேன். பதிவிலாகாக் கௌண்டரில் உங்கள் கைக்கு வந்த மொழி அது. உங்கள் சட்டத்துறையில் மலாய் மொழிச் சுற்று இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் ஒருமுறை அதில் நில்லுங்கள்.

செலவும் வேலையும்

கோட்டுக்காகக் கடன் வாங்காதீர்கள். சீனியர்களிடம் இரவல் கேட்பது மூட் உலகத்தில் சாதாரணம், யாரும் கேவலமாக நினைக்கமாட்டார்கள். பயணம், பதிவுக் கட்டணம் இரண்டையும் துறை ஏற்குமா என்று இப்போதே எழுத்தில் கேளுங்கள். ஏற்காது என்று பதில் வந்து, அப்பாவின் கையிலிருந்து எடுத்துத்தான் போக வேண்டும் என்றால், இந்த வருடம் பேச்சாளராகப் போகாமல் இருப்பது தோல்வி அல்ல. அது குடும்பக் கணக்கு, யாருக்கும் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

மூட் செய்யாதவர்களுக்கு வேலை இல்லை என்பது உண்மையல்ல. 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் கேட்பது அங்கீகாரம் பெற்ற பட்டம், ஒன்பது மாதப் பயிற்சி, நன்னடத்தை, மலாய் மொழித் தகுதி. மூட் என்ற சொல்லே அதில் கிடையாது. நகரத்துப் பெரிய அலுவலகங்கள் சில மூட் அனுபவத்தை விரும்பிப் பார்க்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் என்னைப் போன்ற சிறு பட்டணத்து வழக்கறிஞர் பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது வேறொன்றைப் பார்ப்போம். ஒரு கோப்பைக் கையில் கொடுத்தால் அதில் இல்லாத தாள் எது என்று கண்டுபிடிக்கத் தெரிகிறதா? மூன்று வழக்குகள் இல்லை என்று கண்டுபிடித்த உங்களுக்கு அது தெரியும்.

போட்டிக்கு முந்தின இரவு வாந்தி எடுத்ததாகவும், அதற்கப்புறம் ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். படபடப்பு எல்லாருக்கும் வரும். ஆனால் சாப்பாடும் தூக்கமும் நாள்கணக்கில் போனால் அதைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். வளாகத்தில் மனநல ஆலோசகர் இருப்பார். போய்ப் பாருங்கள், அப்பா அம்மாவிடமும் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது, உங்கள் வழக்கில் நடுவர் கேட்கக்கூடிய முப்பது கேள்விகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி ஒரு காலி பிஸ்கட் டின்னில் போடுங்கள். தம்பியின் கையில் கொடுங்கள். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது எப்போது வேண்டுமானாலும் ஒன்றை எடுத்து உரக்கப் படிப்பது அவன் வேலை. அவனுக்குப் பொருள் புரிய வேண்டியதில்லை. புரியாமல் தப்பான இடத்தில் கேட்டால்தான் உங்களுக்கு நல்லது. சாயங்காலம் அப்பா குளித்துவிட்டுத் தே ஓ குடிக்க உட்காரும்போது, அதே வழக்கைத் தமிழில் மூன்று நிமிடத்தில் சொல்லுங்கள். அவர் "அப்ப நெலம் யாருக்கு?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடியாவிட்டால், உங்கள் வாதம் இன்னும் தயாராகவில்லை.

திங்கட்கிழமை திரும்பிப் போவதற்கு முன் காலை ஒன்பது மணிக்குப் பக்கத்திலுள்ள மாஜிஸ்திரேட் நீதிமன்றம் ஒன்றுக்குப் போங்கள். திறந்த நீதிமன்றம், யாரும் உட்காரலாம். கைப்பேசியை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் இடம் பிடியுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் இருபது வழக்காவது கூப்பிடப்படும். வழக்கறிஞர்கள் பேசுவதைவிட, மாஜிஸ்திரேட் எத்தனை தடவை குறுக்கிடுகிறார் என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். எண்ணி முடித்ததும் எழுந்து, தலைதாழ்த்தி வணங்கிவிட்டு வெளியே வாருங்கள். அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள்.